பள்ளிக்கூட வாசலில் கொடுத்த சத்தம்

1

மகள் நிவியைப் பாலக்காட்டில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துவிட்டு நான் மஸ்கட் திரும்பி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. மழைக்காலம் என்பது உங்களுக்கு. எங்களுக்கு இங்கே ஏது மழை? ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு பக்கெட் வைத்து எடுப்பதோடு சரி.

பீர்மேட்டுத் தேயிலை எஸ்டேட்டில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்கள் வாட்ஸப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "ஏளா தனம், புள்ளைய விட்டுட்டு எப்படிளா இருக்க?" ஒருத்திக்குத் தட்டிய பதிலையே இன்னொருத்திக்கும் தட்டித் தட்டி விரல் ஓய்ந்துவிட்டது. அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். நன்றாகத்தான் இருக்கிறேன். காலையில் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறேன், சாயங்காலம் வந்து சோறு பொங்குகிறேன். என் வீட்டுக்காரர் செந்தில் கட்டுமானக் கம்பெனி ஒன்றில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறார். இருவருக்கும் பேச விஷயம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். முன்பெல்லாம் நிவியைத் திட்டுவதற்காகவாவது பேசிக்கொண்டிருப்போம்.

ஆனால் ஊரிலிருந்து கிளம்பிய அன்று ஒரு சின்ன விஷயம் நடந்தது. அது மீன் முள் மாதிரி தொண்டையிலேயே நின்றது. போன வெள்ளிக்கிழமைதான் இறங்கியது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

2

ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. வளைகுடாவில் இருக்கிற நம்மாட்கள் பலர் பிள்ளை எட்டாவது முடித்ததும் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள். ஒன்பதில் பெயரைப் பதிந்துவிட்டால் பத்தாவது பரீட்சை முடியும்வரை பள்ளியை மாற்றுவது பெரும்பாடு. செந்திலின் கம்பெனியோ இன்று இருக்கும், நாளை இருக்குமா தெரியாது என்கிற நிலைமை. நடுவில் எங்களை ஊருக்கு அனுப்பிவிட்டால் பிள்ளையின் படிப்பு அந்தரத்தில் நிற்கும். அதனால் இப்போதே போகட்டும் என்று முடிவு செய்தோம்.

பீர்மேட்டுக்கு அனுப்ப எங்களுக்கு அங்கே கூரை இல்லை. அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எஸ்டேட்காரர்கள் லயத்து வீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அம்மா இப்போது கம்பத்தில் தம்பி வீட்டில் இருக்கிறாள். ஆகவே நிவி போனது பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்கு, செந்திலின் அக்கா சரஸ்வதி மதினி வீட்டுக்கு. மதினிக்குப் பிள்ளைகள் இரண்டும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். தென்னந்தோப்பும் நாலு மாடும் மதினியும்தான் மிச்சம்.

அந்தத் தனியார் பள்ளியின் ஆபீசில் எங்கள் காகிதங்களைப் பார்த்த கிளார்க், மஸ்கட் பள்ளியின் டி.சி.யில் எம்பசி முத்திரை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இருந்தது. அதற்கு நான் வெயிலில் நின்ற கதை தனி. எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்திருக்கும்போது, "வீட்டுப்பேரு எந்தா?" என்றார்.

நான் நிவியைப் பார்த்தேன், நிவி என்னைப் பார்த்தாள். கேரளத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர் உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் எஸ்டேட்டில் எங்களுக்கு ஏது வீட்டுப்பெயர்? லயத்துக்கு ஒரு நம்பர், கதவுக்கு ஒரு நம்பர். "ஃப்ளாட் நம்பர் சொல்லட்டாம்மா?" என்று நிவி காதில் கேட்டாள். அதற்குள் மதினி முன்னால் வந்து, "களத்துக்காடுன்னு போடுங் சார். எம்பட மாமனாரு காலத்துல இருந்தே எங்கூட்டுக்கு அதானுங் பேரு," என்றார். கிளார்க் எழுதிக்கொண்டார். எனக்கு இதுவரை வாய்க்காத ஒரு வீட்டுப்பெயர் என் மகளுக்கு ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. சந்தோஷம்தான். கொஞ்சம் பொறாமையும் இருந்தது, ஏன் மறைக்கணும்.

நிவிக்கு அந்த ஊர்த் தமிழ் பாதி புரியவில்லை. "ஊடு" என்றால் என்ன என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். இவள் பேசுவதோ அதைவிடக் கூத்து. மஸ்கட்டில் மலையாளப் பிள்ளைகளோடு வளர்ந்ததில், புரிந்தது என்பதற்கு "அத்தை, எனக்கு மனசிலாச்சு" என்பாள். மதினி அதைக் கேட்டு மாட்டுக்காரனிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

3

இனி நம்ம மலைக் கதை. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லாமல் மேலே போக முடியாது.

பீர்மேட்டில் மஞ்சு இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்பவர் யாரென்று தெரியாது. அம்மாவெல்லாம் ஒரு சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள், நாங்கள் பள்ளி விட்டு எதிர்ச் சரிவில் ரோட்டில் வருவோம். கையை வாயில் குவித்து ஒரு "கூஉஉ". அந்தப் பக்கத்திலிருந்து பதில் "கூஉஉ" வரும். வந்துவிட்டேன், பார்த்துக்கொள், சோறு எங்கே வைத்திருக்கிறாய், எல்லாம் அதில் அடக்கம். சத்தம் குடுக்கிறது என்போம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இழுப்பு உண்டு. எங்கள் வீட்டு இழுப்பு நீளமாகப் போய்க் கடைசியில் பட்டென்று வெட்டிவிடும். எஸ்டேட்டில் எங்கள் முழு டிவிஷன் பிள்ளைகளும் ஒன்றாகக் கூவினாலும் அம்மா என் சத்தத்தைப் பிரித்துப் பதில் கொடுப்பாள். கங்காணி, "உங்க மக சத்தம்னு எப்படித்தான் தெரியுதோ," என்று தலையில் அடித்துக்கொள்வார்.

நானும் ஒன்பதாவதுக்குத்தான் வீட்டை விட்டுப் போனேன். மேலே எங்களுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் எட்டு வரைக்கும்தான். அதற்குமேல் படிக்க நினைத்தால் குமுளி தாண்டிக் கம்பத்தில் ஹாஸ்டல். தகரப் பெட்டியோடு என்னை அப்பா கூட்டிப்போனார். அம்மாவுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. பஸ் எஸ்டேட் வளைவில் திரும்பும்போது மேலே சரிவிலிருந்து அந்தச் சத்தம் வந்தது, நீளமாக இழுத்து, பட்டென்று வெட்டி. நான் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிப் பதில் கொடுத்தேன். கண்டக்டர் ஓடி வந்து சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. நான் குமுளி வரை அழுதேன், ஆனால் பதில் கொடுத்துவிட்டேன் என்ற திருப்தியோடு அழுதேன்.

நிவி சின்னப் பிள்ளையாக இருந்தபோது மஸ்கட் கடற்கரையில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவளைக் கூப்பிட எனக்கு அந்தச் சத்தம்தான். அவளும் திருப்பிக் கொடுப்பாள். கொஞ்சம் வளர்ந்ததும், "அம்மா, ஃபோன்ல கூப்பிடு, போதும்," என்று சொல்லிவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

4

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று தூறல். முதல் நாள் என்பதால் மற்றப் பெற்றோரோடு நானும் போயிருந்தேன். மற்ற பிள்ளைகள் எல்.கே.ஜி.யிலிருந்து ஒன்றாக வந்தவர்கள். கட்டிப்பிடித்துக்கொண்டும் கத்திக்கொண்டும் இருந்தார்கள். ஒன்பதில் வந்து சேருகிறவள் பந்தி பாதியில் வந்து உட்காருகிறவள் மாதிரி. நிவி பை வாரை இறுகப் பிடித்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் நடந்தாள்.

அவள் மைதானத்தின் நடுவே போன பிறகுதான் பார்க்கிறேன், டிபன் பை என் கையில். எங்கும் ஒரே சாம்பல் நிறக் கோட்டு, ஒரே இரட்டைப் பின்னல். எந்த முதுகு என் மகள் என்று தெரியவில்லை. ஐயோ, பிள்ளை முதல் நாளே பட்டினி கிடக்குமே! கை தானாக வாய்க்குப் போனது.

"கூஉஉஉ!"

சமவெளியில் அது இப்படிக் கேட்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மலையில் பாதியை மஞ்சு வாங்கிக்கொள்ளும். இங்கே நாலு மாடிக் கட்டடம் திருப்பி வேறு அடித்தது. மைதானமே திரும்பியது. வராந்தாவில் நின்ற பிரின்சிபால் திரும்பினார். வாட்ச்மேன் குடையோடு ஓடி வந்து, "எந்தா சேச்சீ, எந்து பற்றி?" என்று, என்ன ஆச்சோ எனப் பதறினார், யாரோ செத்துவிட்ட மாதிரி.

ஒன்று சொல்ல வேண்டும். எல்லாருக்கும் முன்னால் திரும்பியது நிவிதான். சத்தம் காதில் விழுந்த அதே நொடியில், சின்னப் பிள்ளையில் திரும்புவது போலவே திரும்பினாள். அதற்குப் பிறகுதான் அவள் முகம் மாறியது. விறுவிறுவென்று வந்து பையைப் பிடுங்கிக்கொண்டாள். "அம்மா, ப்ளீஸ். போயிடு," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

5

அன்று சாயங்காலம் பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"பஸ்ல எல்லாரும் என்னைப் பாத்துக் கூ கூன்னு கத்தறாங்க. என் பேருகூட அவங்களுக்குத் தெரியாது. கூ கூதான் என் பேரு. ஹேப்பியா?"

"நிவி, டிபன் பைய மறந்துட்ட, அதான்..."

"ஒரு நாள் சாப்பிடலேன்னா செத்தா போயிடுவேன்?" என்றவள் நிறுத்தி, மெதுவாகக் கேட்டாள். "நீ எப்பம்மா மஸ்கட் போற?"

என்னை விட்டுவிட்டு எப்போது திரும்புவாய் என்று, ஊருக்குக் கிளம்பும் முன்பே மஸ்கட்டில் இதே கேள்வியை அழுதுகொண்டே கேட்டவள். அப்போது போகாதே என்று அர்த்தம். இப்போது எப்போது தொலைவாய் என்று அர்த்தம். நான் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நன்றாக அழுதேன். மதினி பால் கறந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

"உடு அம்மிணி. ஒம்பதாங் கிளாஸ் புள்ள அப்படித்தான் பேசும். எம்பட புள்ளைக பேசாததா? நாலு நாள் போனா அதா செரியாப் போயிரும்."

"நாலு நாளுக்கு நான் இருக்கேன் மதினி. அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நானிருக்கறனல்லோ. நானென்ன செத்தா போயிட்டேன்?"

கம்பத்துக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், போனுக்குள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "பள்ளிக்கூட வாசல்ல நின்னா சத்தம் குடுத்த? அடி கிறுக்கச்சி! அவ்வளவு பெரிய ஆளுங்களுக்கு முன்னாடியா? ஏட்டி, கடைசில ஒழுங்கா வெட்டுனியா, இல்ல இழுத்துட்டே போனியா?" இவளிடம் போய்ச் சொன்னேன் பாருங்கள்.

6

ஆனால் நாலு நாளில் சரியாகவில்லை. நிவி "ம்" என்பதற்கு மேல் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டாயா, ம். ஹோம்வொர்க் இருக்கா, ம். என் லீவோ கரைந்துகொண்டே வந்தது. பேசாத பிள்ளையை, தினம் கேலி வாங்கிக்கொண்டு வரும் பிள்ளையை, நேற்றுவரை முகம் தெரியாத ஊரில் விட்டுவிட்டு எப்படி விமானம் ஏறுவது? திரும்பக் கூட்டிப்போவதென்றால் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. மஸ்கட் பள்ளியில் காலில் விழுந்தாவது பதிவுக்கு முன்னால் இடம் வாங்கலாம். செந்திலிடம் போனில் சொன்னேன். "நீ அங்க இருக்கே, நீதான் பாக்கறே. நீ என்ன சொல்றியோ அது," என்றார். இந்த மனிதர் எப்போதும் இப்படித்தான். முடிவை என் மடியில் போட்டுவிட்டு நல்லவராகிவிடுவார்.

கிளாஸ் டீச்சரைப் பார்த்துப் புகார் சொல்லலாமா என்று நினைத்தேன். "நீ ஸ்கூலுக்கு வந்தா நான் ஸ்கூலுக்குப் போக மாட்டேன்," என்றாள் நிவி. அதுவும் போயிற்று.

ஒரு சாயங்காலம் பஸ் நிற்கும் முனைக்கு நானே போனேன். நிவி இறங்கினாள். பஸ் நகர்ந்ததும் ஜன்னலிலிருந்து பல்லில் கம்பி கட்டிய ஒரு பெண் கையைக் குவித்து "கூஉஉ" என்றாள். பின்னாலிருந்து இன்னும் இரண்டு மூன்று குரல். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏ பொண்ணு!" என்று பஸ்ஸைப் பார்த்து ஓடப் போனேன். நிவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடும்மா. அது அஞ்சனா."

"அஞ்சனாவா இருந்தா? அவ அம்மாகிட்ட நான்..."

"விடும்மான்னா. நான் பாத்துக்கறேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். கோபமா, வெட்கமா, வேறு ஏதாவதா, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பெற்ற பிள்ளையின் முகம் படிக்கத் தெரியாமல் போகிற நாள் ஒன்று வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

அன்று காபி குடித்த பிறகு நேராகவே கேட்டுவிட்டேன். "நிவி, மஸ்கட்டுக்கே போயிடலாமா? உங்கப்பாகிட்ட பேசிட்டேன். ஒண்ணும் பிரச்சினையில்ல. உனக்குப் பிடிக்கலேன்னா சொல்லு."

அவள் தரையில் உட்கார்ந்து புத்தகங்களுக்குப் பிரவுன் காகிதத்தில் அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். செல்லோடேப்பைப் பல்லால் கடித்து வெட்டினாள்.

"எல்லா புக்குக்கும் அட்டை போட்டாச்சும்மா."

"அப்படின்னா இருக்கேன்னு சொல்றியா?"

"அட்டை போட்டாச்சுன்னு சொல்றேன்."

மதினி அடுப்படியிலிருந்து, "அட, இருக்கறேன்னுதா அம்மிணி சொல்லுது. உனக்குத் தமிழும் மறந்து போச்சா?" என்றார். நான் டிக்கெட்டை மாற்றவில்லை.

7

கிளம்பிய அன்று வேலை நாள். "லீவ் போடட்டுமா?" என்று நிவி கேட்டாள். வேண்டாம், ஏர்போர்ட்டில் அழுது தொலைத்தால் இருவருக்கும் கஷ்டம் என்றேன். அவள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டாள், நான் பின்னல் போட்டுவிட்டேன். வாசலில் ஷூ கட்டும்போது தலை நிமிராமல் கேட்டாள்.

"உன் கார் எங்க ஸ்கூல் வழியாதானே போகும்?"

"ஆமா."

"இன்டர்வெல் டைம்ல போகுமா?"

"தெரியலையே. போகும்னு நெனைக்கறேன். ஏன்?"

"சும்மா." பஸ் வந்தது, ஏறிவிட்டாள். கட்டிக்கொள்ளக்கூட இல்லை.

மதினி ஊறுகாய், முறுக்கு, தேங்காயெண்ணெய் என்று பெட்டி மூடாதபடி திணித்துவிட்டார். கார் ஓட்டிவந்தது பக்கத்துத் தோட்டத்துத் தம்பி. அவரிடம், பள்ளிக்கூடம் வந்தால் கொஞ்சம் மெதுவாகப் போங்கள் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

மதில் தெரிந்ததும் கண்ணாடியை இறக்கினேன். இன்டர்வெல்தான் போல, ஒரே இரைச்சல். கேட்டைத் தாண்டப்போகும்போது மேல்மாடி வராந்தாவிலிருந்து அது வந்தது.

"கூஉஉஉ!"

ஒன்று. உடனே இன்னொன்று. அப்புறம் நாலைந்து சேர்ந்து. கம்பியைப் பிடித்துக்கொண்டு சாம்பல் கோட்டுகள் வரிசையாக நின்றன. "ஏனுங்க்கா, ஆரோ கூவறாங்க, உங்களையா?" என்றார் தம்பி. என்னையேதான். பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துப் பதில் கொடுத்தேன். இந்தத் தடவை வாட்ச்மேன் ஓடி வரவில்லை. நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

பஸ்ஸில் நடந்தது கேலியாகத் தொடங்கி, என்றைக்கோ ஒரு நாள் கேலி இல்லாமல் ஆகியிருக்கிறது. அது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பிள்ளைகள் என் மகளைக் கூப்பிடுவது அப்படித்தான். அவளுக்கு அங்கே ஆள் இருக்கிறது. வாளையாறு மாதிரி கண்ணில் தண்ணீர் கொட்டினாலும் மனசு லேசாகிவிட்டது.

ஆனால் ஏர்போர்ட் போகும் வழியில் ஆலத்தூர் தாண்டும்போது முள் குத்தத் தொடங்கியது. அத்தனை சத்தத்தில் நிவியின் சத்தம் எது? எனக்குத் தெரியவில்லை. நீளமாகப் போய்ப் பட்டென்று வெட்டுகிற சத்தம் ஒன்றுகூட என் காதில் விழவில்லை. முழு டிவிஷன் கூவினாலும் அம்மா என்னைப் பிரித்தெடுத்தாள். எனக்கு நாலைந்து பிள்ளைகளில் என் பிள்ளையைத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கூடவே வைத்து வளர்த்து, கடைசியில் இவ்வளவுதானா நான்?

8

இதைத்தான் மஸ்கட் வந்தும் சுமந்துகொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. செந்திலிடம் சொன்னால் "நீ சொல்றதுதான்" என்பார்.

போன வெள்ளிக்கிழமை நிவி வீடியோவில் வந்தாள். இப்போதெல்லாம் பேச்சு நிற்பதில்லை. ஓணத்துக்கு வகுப்பில் பூக்களம் போட்டது, மலையாளத்தில் மார்க் குறைந்தது, அஞ்சனா பல் கம்பியைக் கழற்றியது, அத்தை வீட்டுக் கன்றுக்குட்டிக்கு இவளே ஒரு பெயர் வைத்தது. அடுத்த லீவுக்கு மஸ்கட் வருவாயா என்றால், "பாக்கலாம்மா, இங்க ஸ்போர்ட்ஸ் டே இருக்கு," என்கிறாள். செந்தில் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் எனக்கும் தைரியம் வந்தது. சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"நிவி, அன்னிக்கு நான் கார்ல போகும்போது சத்தம் குடுத்தீங்களே. அதுல எதுடீ உன் சத்தம்?"

அவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தலைமுடி மட்டும் தெரிந்தது.

"நான் குடுக்கலம்மா."

"என்ன?"

"நான் குடுக்கல. காரைப் பாத்ததும் அழுகை வந்துடுச்சு. கூவ முடியாம கீழ உக்காந்துட்டேன். எங்கம்மா போறாங்க, நீங்க குடுங்கன்னு அஞ்சனாகிட்ட சொன்னேன். அவங்கதான் எல்லாரும் குடுத்தாங்க."

செந்தில் பிசைவதை நிறுத்திவிட்டார். என் மகள் அங்கே அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். கூடவே இன்னொன்றும் தெரிந்தது. என் காதில் ஒரு குறையும் இல்லை.